முழுமையாகப் படித்தேன், புரிந்துகொண்டேன்

நோயைத் தீர்க்க மனிதகுலம் இதுவரை கண்டறிந்த வழிகளில் தலைசிறந்தது, நோயாளியை வரிசையில் நிறுத்துவதுதான் என்பதை ஐயத்திற்கு இடமின்றி இங்கே பதிவு செய்கிறேன். பதினோரு ஆண்டுகளாக எந்தத் தைலத்துக்கும் மசியாத என் முழங்கால் வலி, 'முதியோர் நல்வாழ்வுக் காப்பீட்டுத் திட்ட' அலுவலகத்தில் நான்கு மணி நேரம் நின்றதும் அடியோடு மறைந்தது. முழங்காலே மறைந்துவிட்டது போலிருந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, கட்டணமில்லை. இப்பேர்ப்பட்ட திட்டத்தைக் குறை சொல்பவர்களின் நாக்கில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். நாக்கு காப்பீட்டில் அடங்குமா என்பதை விளக்கக் கையேட்டின் அறுபத்து மூன்றாம் பக்க அடிக்குறிப்பில் காண்க.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தேன். அதாவது, பிறர் செய்த பிழைக்காகச் சம்பளம் வாங்கியவன். 'பிழைப்பு' என்ற சொல் 'பிழை'யில்தான் தொடங்குகிறது என்பதை என்னைவிட நன்றாக உணர்ந்தவர் இருக்க முடியாது. க், ச், த், ப் ஆகிய நான்கு எழுத்துகளும் வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் அச்சகத்தில் என் பெயரை மறந்துவிட்டு 'ஒற்று' என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், மாலையில் அதே பதினெட்டுப் பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். எண்ணிக்கையிலும் ஆளிலும் அவளுக்கு ஒருநாளும் பிழை வந்ததில்லை. வயதில் என்னைவிட மூன்று இளையவள். சுறுசுறுப்பில் முப்பது.

என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சரியாக மூன்று மாதம் இருக்கும்போது அந்த உறை வந்தது. தபால்காரர் அதை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு 'விளக்கக் கையேடு', அதை விளக்க நாற்பது பக்கத்தில் ஒரு 'கையேட்டு வழிகாட்டி', நாலு பக்கத்தில் ஒரு விண்ணப்பம். மேலே ஒரு கடிதம். 'அன்புடையீர், முதுமைக்குத் தங்களை வரவேற்கிறோம்' என்று தொடங்கியது. மரியாதை தெரிந்த அலுவலகம்.

"என்னங்க இது, அகராதி மாதிரி?" என்றாள் மனைவி.

"காப்பீடு. அச்சகத்துல குடுத்தது ரிட்டயர் ஆகற அன்னிக்கோட போயிடும். அப்புறம் இதுதான்."

"நாலு பக்கம் ஃபாரம் இருக்கே. நிரப்பிக் குடுத்துட்டா ஆச்சு."

"படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ஊர் உலகமே அப்படித்தான் போடுது."

"ஊர் உலகம் ஒற்று இல்லாமக்கூடத்தான் எழுதுது."

அவள் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் அமர்ந்தேன்.

இங்கே ஒரு சிறு தகவலைச் சொல்ல வேண்டும். சிறு தகவல் என்பதால்தான் அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால் கண் டாக்டர் என்னை ஒரு கருவிக்குள் முகவாயை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இடது கண்ணுல புரை நல்லா முத்திடுச்சு. வலதுலயும் பிடிச்சுக்கிட்டே வருது. ரொம்பத் தள்ளாதீங்க, கல்லு மாதிரி ஆயிட்டா எடுக்கறது சிக்கல்" என்றார். பிறகு அறுவை சிகிச்சைக்கான தொகையைச் சொன்னார். அதைக் கேட்ட கணத்தில் என் பார்வை ஓரளவு தெளிந்தது. வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உடனே தெரிந்தது.

ஆக, காப்பீட்டு அட்டை வந்தால் கண் வரும். கண் இருந்தால்தான் கையேட்டைப் படிக்க முடியும். கையேட்டைப் படித்தால்தான் அட்டை வரும். திட்டத்தின் கட்டமைப்பு அவ்வளவு உறுதியானது, எங்கேயும் ஓட்டையே கிடையாது.

கையேட்டின் அழகை எப்படிச் சொல்வேன்! திட்டம் நான்கு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி 'படுக்கை சார்ந்தது'. இரண்டாம் பகுதி 'படுக்கை சாராதது'. மூன்றாம் பகுதி மருந்து. நான்காம் பகுதி, முதல் மூன்றிலும் விட்டுப்போனவற்றை முறைப்படி விட்டுவிடுவது. மருத்துவமனைக் கட்டிலில் நீங்கள் மூன்று நாள் மல்லாந்து கிடந்தாலும், ஏட்டில் உங்களை 'அனுமதிக்கப்பட்டவர்' என்று எழுதியிருக்கிறார்களா, 'கவனிப்பில் உள்ளவர்' என்று எழுதியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் படுத்திருந்தீர்களா, நின்றுகொண்டிருந்தீர்களா என்பது முடிவாகும்.

ஒரே ஒரு பிழை மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. 'சிகிச்சை அளிக்கப் படும்', 'நோயாளி கவனிக்கப் படுவார்' என்று பிரித்தே அச்சிட்டிருந்தார்கள். 'படும்' என்பதைச் சேர்த்து எழுத வேண்டும் என்று நானும் ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு வளைவு போட்டுக்கொண்டே போனேன். இருபதாம் பக்கம் தாண்டியபோதுதான் பொறி தட்டியது. இது பிழையல்ல. நோயாளி தனியாகத்தான் படுவார் என்ற எச்சரிக்கை.

எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் ஓய்வு பெற்ற கூட்ஸ் ரயில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டியே முடி நரைத்தவர். நான் கையேடும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்தார்.

"தம்பி, நாளு தவற விட்டுடாத. நான் விட்டுட்டேன்."

"எப்படி அண்ணே? நீங்க நிமிஷக் கணக்குப் பார்க்கற ஆளாச்சே?"

"'தங்களுக்கான சேர்க்கைச் சாளரம் ஏழு மாதம் திறந்திருக்கும்'னு எழுதியிருந்தான். சாளரம்னா ஜன்னல்தானே? ஆபீசுக்குப் போயி எந்த ஜன்னல்னு கேட்டேன். ஒவ்வொருத்தனும் ஒரு ஜன்னலைக் காட்டினான். எல்லாத்துலயும் நின்னேன். சாளரம்னா ஜன்னல் இல்லை, கெடுன்னு ஒருத்தன் சொன்னப்ப ஒன்பது நாள் தாண்டியாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்த வருஷம்தான் சேர்த்தான். தாமதத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல். ஒரு தடவை இல்ல தம்பி, உயிரோட இருக்கற வரைக்கும். செத்தாத்தான் அபராதம் நிக்கும். கார்டுக்கே கார்டு வர ஒன்றரை வருஷம் ஆச்சு, பார்த்துக்க."

நீண்ட ஆயுளை வாழ்த்தாகச் சொல்லும் உலகில், அதற்கு அபராதம் விதித்துச் சிக்கனத்தை வளர்க்கும் திட்டம் இது ஒன்றுதான்.

பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு 'விழிப்புணர்வுக் கூட்டம்' நடந்தது. இடம், பொது நூலகத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறக்கூடியவர்கள் மட்டுமே விழிப்புணர்வு பெற்றார்கள். ஏற முடியாதவர்கள், அதாவது காப்பீடு உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள், கீழேயே நின்று பத்திரிகை படித்துவிட்டுப் போனார்கள். தகுதியானவர்களைப் பிரித்தெடுக்க இதைவிடச் சிக்கனமான சோதனை இருக்க முடியாது.

விளக்க அலுவலர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சுவரில் விழுந்த படத்தைச் சிவப்பு வெளிச்சப் புள்ளியால் தொட்டுத் தொட்டுப் பேசினார். படத்தில் ஒரு தாத்தா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"உடம்பு முழுக்கக் காப்பீடு உண்டு. உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும். கண், காது, பல் மட்டும் கிடையாது."

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். "ஏன் சார், அது மூணும் உடம்புல இல்லையா?"

"உடம்புல இருக்கும்மா. திட்டத்துல இல்ல."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொதிகலன் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "என்ன சொல்றாரு?"

"காது கிடையாதாம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"இருக்கே! கேக்கத்தான் மாட்டேங்குது."

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். திட்டத்தை வகுத்த பெருமக்கள் பெருந்தன்மையோடு அந்தப் பிரதானத்தை நமக்கே விட்டுவிட்டு, மிச்சமிருந்த ஏழு சாணை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, மாடிப்படியால் இருக்கலாம்.

"ஐயா, கண்ணில் புரை விழுந்தால்?"

"நல்ல கேள்வி. பக்கம் நாற்பத்தேழு பாருங்க."

"நாற்பத்தேழில் பக்கம் எண்பத்தொன்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது."

"அப்ப எண்பத்தொண்ணு பாருங்க."

"எண்பத்தொன்றில் நாற்பத்தேழைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது."

சைக்கிள் தாத்தாவின் நெற்றியில் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. "பார்த்தீங்களா, ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு உறுதிப்படுத்துது" என்றார் அலுவலர். கைதட்டல் எழுந்தது. கொதிகலன்காரர்தான் முதலில் தட்டினார்.

நாற்பத்தேழாம் பக்கத்தின் வாக்கியம் இது: 'கண்சார் சேவைகள் நீங்கலாக, பக்கம் 81, பிரிவு 6இல் விலக்கப் படாதவை யாவும் விலக்கப் படாதவையாகவே கருதப் படும்.' முப்பத்தெட்டு ஆண்டுகளில் எத்தனையோ வாக்கியங்களைப் பழுது பார்த்திருக்கிறேன். எழுவாய் தொலைந்த வாக்கியத்துக்கு எழுவாய் கொடுத்திருக்கிறேன். பயனிலை கெட்டுப்போனதற்குப் பயனிலை மாற்றியிருக்கிறேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லா உறுப்பும் இருந்தன, உயிர்தான் இல்லை.

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. பிறந்தநாள் வந்து போனது. அச்சகத்தில் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். மறுநாளிலிருந்து காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கையேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். முழுக்கத் திருத்திக் கொடுத்துவிட்டால் எனக்கும் புரியும், பின்னால் வருகிறவர்களுக்கும் புரியும் என்பது எண்ணம். இரண்டு மாத உழைப்பில் நானூற்றுப் பதினேழு திருத்தங்கள். கையேட்டை அழகாகக் கட்டி, பதிவுத் தபாலில் அலுவலகத்துக்கே அனுப்பினேன்.

மூன்றே வாரத்தில் கையேடும் பதிலும் வந்தன. இப்படி வேகமாகப் பதில் போடும் அலுவலகத்தை எங்கே பார்க்க முடியும்?

'தங்கள் விண்ணப்பம் பெறப் பட்டது. அது விண்ணப்பம் அல்ல என்பதால் நிராகரிக்கப் படுகிறது. தங்கள் ஆர்வம் பாராட்டப் படுகிறது.'

அந்தக் கடிதத்தில் மூன்று திருத்தங்கள் செய்து அதையும் திருப்பி அனுப்பினேன்.

ஏழாவது மாதம் முடிய ஒருநாள் இருக்கும்போது, மாலை வேனை நிறுத்திவிட்டு வந்த மனைவி, மேசைமேல் கிடந்த கையேட்டை எடுத்துப் புரட்டினாள். நின்றபடியே புரட்டியவள் பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இந்த எழுத்தை ஏன் சுழிச்சிருக்கீங்க?"

"தேவையில்லாத புள்ளி. ஒற்று மிகாத இடம் அது."

"இது ஒற்று இல்லைங்க. ஈ உக்காந்த கறை."

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "இங்க ஒரு வளைவு போட்டிருக்கீங்க. கீழ எழுத்தே இல்ல. வெறும் காகிதம்."

"வெளிச்சம் போதலை அப்போ."

"ரெண்டு மாசமாவா?"

எழுந்து வந்து என் எதிரில் நின்றாள். உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினாள். கையில் ஸ்டியரிங் வாசம் அடித்தது.

"எத்தனை விரல்?"

எனக்கு முன்னால் பால் கலந்தது போல ஒரு வெளுப்பு. அதற்குள் ஏதோ அசைவது போலிருந்தது. வழக்கமாக மூன்றுதான் காட்டுவார்கள்.

"மூணு."

"நான் இன்னும் கையே தூக்கலைங்க."

அவள் என் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அதான் கொஞ்ச நாளா நான் ஹாரன் அடிச்சப்புறம்தான் கேட்டைத் திறக்கறீங்களா? வேன் தெரியலையா?"

"மங்கலாத் தெரியும்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

என்ன சொல்வது? எழுத்தைப் பார்த்துப் பிழைத்தவன் எழுத்து தெரியவில்லை என்று எப்படிச் சொல்வான்? வேன் ஓட்டத் தெரியவில்லை என்று ஒருநாள் அவள் என்னிடம் வந்து சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? இதையெல்லாம் சொல்ல நினைத்து, "ஒரு பக்கம்தான் புரியலை. நாற்பத்தேழு" என்றேன்.

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடைசி நாள் நாளைக்குத்தானே? வேனுக்கு ஆள் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில், முன்னர் நான் புகழ்ந்துரைத்த அந்த வரிசையில் நின்றோம். வாசலில் ஓர் இயந்திரம் டோக்கன் கொடுத்தது. அந்த இயந்திரத்தை அணுகுவதற்கு ஒரு காவலாளி கையால் எழுதிய டோக்கன் கொடுத்தார். சுவரில் 'எமது குறிக்கோள்: எளிமை' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே எளிமையை விளக்கும் பதினான்கு விதிகள். கூரை மின்விசிறி ஒருமுறை சுற்றிவிட்டு, தகுதியிருக்கிறதா என்று யோசித்துவிட்டு, மறுமுறை சுற்றியது.

சாளரம் நாலு மணிக்கு மூடும். எங்கள் எண் வந்தபோது மூன்றே முக்கால். நான்காம் எண் கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விண்ணப்பத்தை மளமளவென்று புரட்டி, நாலு இடத்தில் முத்திரை குத்தி, கடைசிப் பக்கத்தை என் பக்கம் தள்ளினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார். முடிஞ்சது."

"இங்கே என்ன எழுதியிருக்கிறது?"

மனைவி படித்துக் காட்டினாள். "'விளக்கக் கையேட்டை முழுமையாகப் படித்தேன், புரிந்துகொண்டேன் என உறுதி கூறுகிறேன்.'"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அம்மா, இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. எனக்குப் புரியவில்லை."

கவுண்டர் அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு சார் புரிஞ்சுது? எல்லாரும் போடறாங்க."

"எல்லோரும் பொய் சொன்னால் நானும் சொல்ல வேண்டுமா? ஒரு வரியில் தவறு இருக்கிறது என்று தெரிந்தும் நான் இதுவரை ஒப்பமிட்டதில்லை."

"புரியலைன்னா ஏழாம் நம்பர் கவுண்டருக்குப் போங்க. புரியாதவங்களுக்குன்னே தனியா வச்சிருக்கோம்."

"அது மூடியிருக்கிறதே?"

"ஆமா. புரியலைன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிக் குடுக்கலை. அதனால ஆள் போடலை."

பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "யோவ், கையெழுத்துப் போடுய்யா! எனக்கு இன்னிக்குத்தான் கடைசி!" இன்னொரு குரல், "பெரிய அரிச்சந்திரன் பரம்பரை" என்றது. கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு. கவுண்டர் அம்மாள் முத்திரையை மூடியால் மூடினார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். வேனை விட்டு இறங்க மாட்டேன் என்று அழும் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"என்னங்க, கையேட்டைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"ஏழு மாசம்."

"படிச்சுட்டு என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"இது யாருக்கும் புரியாதுன்னு."

"அது உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதா?"

"ரொம்ப நல்லா."

"அப்ப புரிஞ்சுக்கிட்டீங்க. போடுங்க."

யோசித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் இன்னது புரிந்தது என்று செயப்படுபொருள் எதுவும் கொடுக்கப்படவில்லை. இலக்கணப்படி அவள் சொன்னது சரி. கையெழுத்துப் போட்டேன். கோட்டுக்கு மேலே போட்டேனா, பக்கத்தில் போட்டேனா தெரியாது. மனைவி என் விரலைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள். மூன்று ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்தது.

"ஒரு சந்தேகம் அம்மா. கண் கிடையாது என்கிறார்கள். புரை உண்டா?"

"கண் கிடையாது சார். புரை உண்டு."

"புரை கண்ணில்தானே இருக்கிறது?"

"புரை நோய். கண்ணு உறுப்பு. நாங்க நோய்க்குத்தான் குடுக்கறோம், உறுப்புக்கு இல்ல."

"இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருக்கே. நாற்பத்தேழாம் பக்கம்."

அட்டை பதினைந்து நாளில் வந்தது. அடுத்த மாதம் இடது கண்ணில் அறுவை சிகிச்சை. நல்லவேளை, கல்லாவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தீர்கள் என்றார் டாக்டர். நான் 'கவனிப்பில்' இருந்தேனா, 'அனுமதிக்க'ப்பட்டேனா என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள் மனைவி. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் குபுகுபுவென்று உள்ளே வந்தது. ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பியில் துரு தெரிந்தது. நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். காதோரம் முழுக்க வெள்ளை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?"

"நீங்க நாற்பத்தேழாம் பக்கத்துல இருந்தப்போ."

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன். புதுக் கண்ணில் நீர் வருவது இயல்பு என்று நர்ஸ் சொன்னார். அதற்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். கண்ணாடி மட்டும் கைக்காசில் வாங்கிக்கொண்டோம். கண்ணைத் திறந்துவிடுவது திட்டத்தின் கடமை. பார்ப்பது நம் சொந்தச் செலவு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் திருத்தங்களைச் சரிபார்த்தேன். நானூற்றுப் பதினேழில் அறுபத்தொன்று தவறு. ஒன்பது ஈக்கறை. மிச்சமெல்லாம் சரி. நாற்பத்தேழாம் பக்கத்தை நல்ல கண்ணால் மூன்று முறை படித்தேன். இப்போது ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. பொருள் மட்டும் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

பிறகு அச்சக முதலாளியைக் கூப்பிட்டு, கண் சரியாகிவிட்டது, உதிரி வேலை இருந்தால் கொடுங்கள் என்று சொல்லி வைத்தேன். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஒற்று சார், ஒரு அவசர வேலை. ஒரே பக்கம்தான். மேலிடத்து வேலை, ஒரு புள்ளிகூடத் தப்பு வரக்கூடாதாம். சாயங்காலம் ஆள் வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க."

போனேன். பழைய மேசை, பழைய விளக்கு. முதலாளி ஒரு தாளை என் முன்னால் வைத்தார். நல்ல தடித்த தாள், பெரிய எழுத்து. தலைப்பில் இப்படி இருந்தது: 'முதியோர் நல்வாழ்வுக் காப்பீட்டுத் திட்டத்தை வகுத்த உயர்நிலைக் குழுவினர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோருக்கான மருத்துவ உதவி விண்ணப்பம்.'

கீழே மூன்றே வரிகள்.

'கண், காது, பல் உட்பட உடல் முழுவதற்கும் சிகிச்சை அளிக்கப்படும். கடைசித் தேதி கிடையாது. பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.'

'அளிக்கப்படும்' சேர்ந்தே இருந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, ஒற்று ஒற்றாகப் பார்த்தேன். பேனாவுக்கு வேலையே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் என் மேசைக்குப் பிழையே இல்லாமல் வந்த முதல் பக்கம் அதுதான்.

ஆக, அவர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை.